அத்தியாயம் 7: வார்த்த குண்டுக்கு அளவும் மசகும்

அச்சிலிருந்து துணிமேல் விழுந்த குண்டு ஆறியதும் கையில் எடுத்துப் பார்த்தால் வேலை முடிந்துவிட்டது போலத்தான் தோன்றும். பளபளப்பு இருக்கும், எடையும் சரியாக இருக்கும். அதை அப்படியே தோட்டாவில் ஏற்றிச் சுட்டால் முதல் பத்து குண்டுகள் தாளில் ஓரிடத்தில் விழும். அடுத்த பத்து சிதறும். ஐம்பதை எட்டுவதற்குள் குழலின் உட்சுவரில் ஈயம் பட்டை பட்டையாக ஒட்டியிருக்கும். அதைத் தேய்த்து எடுக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். வார்ப்பதற்கும் தோட்டா ஏற்றுவதற்கும் நடுவே இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன. ஒன்று, குண்டைச் சரியான விட்டத்துக்குக் கொண்டுவருவது. மற்றது, அதற்கு மசகு இடுவது. இந்த இரண்டுக்கும் எந்தக் கருவியை வாங்குவது என்பதைப் பற்றியது இந்த அத்தியாயம்.

இந்த நூலில் குண்டு என்றால் குழலை விட்டுப் பறக்கும் ஈயப் பகுதி மட்டுமே. பித்தளைக் கூடு, பிரைமர், மருந்து, குண்டு நான்கும் சேர்ந்தது தோட்டா. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறைக்காரர்கள் 'தௌ' என்பார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன். இங்கே எல்லாம் அங்குலக் கணக்குதான். அச்சு, டை, மைக்ரோமீட்டர் எல்லாமே அமெரிக்கக் கடைகளில் அந்த அளவில்தான் கிடைக்கின்றன.

சட்டம் பற்றி முன்பே சொன்னதை இங்கேயும் ஒருமுறை சொல்கிறேன். அமெரிக்காவில், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதியுள்ளவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா ஏற்றக் கூட்டரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் 06 வகை உரிமம் வேண்டும். மாநிலச் சட்டங்கள் வேறுபடும் என்பதால் உங்கள் மாநிலத்தில் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருக்கும் தம்பிக்கோ மச்சானுக்கோ செய்முறை சொல்லிக்கொடுக்க இந்த நூலைப் பயன்படுத்த வேண்டாம்.

கடைக்குப் போகும் முன் குழலை அளங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு எந்த டை வேண்டும் என்று பிறகு யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக்கு 0.356 அங்குல டையோடு பழைய இயந்திரம் ஒன்று கிடைத்தது. புத்தகங்களில் அந்த எண்தான் இருந்தது. நூறு குண்டு சுட்டதும் குழல் ஈயமாகிப் போனது. மசகை மாற்றினேன். கலவையில் ஆன்டிமனி கூட்டினேன். மருந்தைக் குறைத்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் குழலை அளந்தேன். பள்ளத்திலிருந்து பள்ளம் வரை 0.3565 இருந்தது. என் குண்டு குழலைவிட அரை தௌ சிறியது. 0.358 டைக்கு மாறிய அன்றே ஈயம் படிவது நின்றது. மசகும் கலவையும் பழையவைதான்.

காரணம் எளிது. மருந்து எரிந்து எழும் சூடான வாயு, குண்டுக்கும் குழலுக்கும் இடையே இருக்கும் சந்து வழியே பீறிட்டு ஓடும். ஓடும்போது குண்டின் விளிம்பை அரித்து, அரித்த ஈயத்தைக் குழலில் பூசிவிடும். செம்பு உறை போட்ட கடைக் குண்டு வாயுவின் சூட்டைத் தாங்கிவிடும். வெற்று ஈயம் தாங்காது. அதனால் வார்த்த குண்டு குழலின் பள்ள விட்டத்தைவிட ஒரு தௌ பெரிதாக இருக்க வேண்டும். சில குழல்களுக்கு இரண்டு தௌ. குண்டைக் கடினமாக்கினால் ஈயம் படியாது என்று பலர் நம்புகிறார்கள். இது பாதிதான் உண்மை. சந்து விட்டுப் போகும் கடினமான குண்டைவிட, குழலை நிறைத்துப் போகும் மென்மையான குண்டே நல்லது. மென்மையான குண்டின் அடி அழுத்தத்தில் சற்று விரிந்து சந்தை அடைத்துக்கொள்ளும்.

குழலை அளப்பதற்கு மீன்பிடிக் கடையில் கிடைக்கும் சுத்த ஈய எடைக்கட்டி ஒன்று போதும். அது குழலின் வாயைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். முதலில் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். குழலுக்கு எண்ணெய் விட்டு, கட்டியை வாயில் வைத்து, மரச்சுத்தியால் தட்டி உள்ளே இறக்குங்கள். பிறகு பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளி மறுபக்கம் எடுங்கள். மரக்குச்சி வேண்டாம், அது பிளந்து உள்ளே ஆப்பாக இறுகிவிடும். வெளியே வந்த கட்டியில் மேடாக நிற்கும் இடங்களே குழலின் பள்ளங்கள். எதிரெதிர் மேடுகளுக்கு இடையே மைக்ரோமீட்டரால் அளந்தால் உங்கள் எண் கிடைத்துவிடும். ஐந்து பள்ளமுள்ள குழல்களில் எதிரெதிர் மேடே இருக்காது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்கள் பல இந்த வகை. அவற்றுக்கு 'வி' வடிவத் தாங்கியுள்ள மைக்ரோமீட்டர் வேண்டும், இல்லையென்றால் துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்து அளந்து வாங்குங்கள்.

ரிவால்வரில் இன்னொரு அளவும் உண்டு. உருளையின் ஒவ்வோர் அறைக்கும் முன்வாய் ஒன்று இருக்கிறது. குண்டு குழலுக்குள் நுழையும் முன் அதைக் கடந்தாக வேண்டும். அந்த வாய் குழலின் பள்ளத்தைவிடச் சிறியதாக இருந்தால் எத்தனை பெரிய குண்டு போட்டாலும் அது வாயில் இறுகி, இளைத்துத்தான் குழலுக்கு வரும். அப்படிப்பட்ட ரிவால்வருக்கு நல்ல டை வாங்குவதில் பலனில்லை. முதலில் வாயைச் சரியான அளவுக்கு ரீமர் போட்டு அகலமாக்க வேண்டும். மற்ற ரிவால்வர்களில் குண்டு, வாய் வழியே விரல் அழுத்தத்தில் நழுவிப் போகும் அளவில் இருப்பது சரி.

ஆகவே இந்தத் தொழிலில் முதலில் வாங்க வேண்டிய கருவி மைக்ரோமீட்டர். பத்தாயிரத்தில் ஒரு பங்கு காட்டும் ஒன்றாகப் பாருங்கள். வெர்னியர் காலிப்பர் ஒரு தௌ அளவுக்குத்தான் நம்பகமானது. நாம் பேசுவதோ அரை தௌ பற்றி.

வழக்கமாக .38 ஸ்பெஷலுக்கும் .357 மேக்னத்துக்கும் 0.358, .44க்கு 0.430, .45 ஏசிபிக்கு 0.452, .30 காலிபர் ரைபிளுக்கு 0.309 அல்லது 0.310 என்று டை வாங்குவார்கள். இவை தொடங்குவதற்கான எண்கள் மட்டுமே. உங்கள் குழல் வேறு எண்ணைச் சொன்னால் குழலின் பேச்சைக் கேளுங்கள்.

அளவு செய்யும் டை: லீ தள்ளுவகை

அளவு செய்வது என்றால் குண்டைக் கொஞ்சம் பெரிதாக வார்த்து, வட்டமான எஃகுத் துளை வழியே தள்ளி, வேண்டிய விட்டத்துக்கு இறுக்குவது. இதற்கு மிக எளிய கருவி லீ பிரிசிஷன் நிறுவனத்தின் தள்ளுவகை டை. தோட்டா ஏற்றும் பிரஸ்ஸின் மேல் துளையில் டையைத் திருகி, ராமில் ஒரு தள்ளு கம்பியைப் பொருத்தி, கம்பியின் மேல் குண்டை நிறுத்திக் கைப்பிடியை அழுத்தினால் குண்டு டையைக் கடந்து மேலே உள்ள டப்பாவில் சேர்ந்துவிடும். குண்டின் மூக்கு மேலே, அடி கீழே. தள்ளுவது தட்டையான அடியை என்பதால் மூக்கு எந்த வடிவமாக இருந்தாலும் நசுங்காது. இது பெரிய நன்மை. இந்த டையில் அரைமணி நேரத்தில் இருநூறு குண்டுகளை நிதானமாகத் தள்ளி முடித்துவிடலாம். ஏற்கெனவே பிரஸ் வைத்திருப்பவர்க்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

டையின் மேல் பொறித்திருக்கும் எண்ணை நம்பிவிடாதீர்கள். ஒரே டையில் மென்மையான கலவையைத் தள்ளினால் ஓர் எண் வரும்; கடினமான கலவையைத் தள்ளினால் அது ஸ்பிரிங் போலச் சற்று மீண்டு, கொஞ்சம் பெரிதாக வரும். உங்கள் கலவையில் பத்து குண்டு தள்ளி அளந்து பார்த்த பிறகே டையின் உண்மையான அளவு தெரியும். அரை தௌ பெரிதாக வேண்டுமென்றால் மரக்குச்சியின் நுனியைப் பிளந்து, நைஸ் எமரித் தாளைச் செருகி, டிரில்லில் பூட்டி டையின் உட்பக்கத்தை மெருகேற்றலாம். கொஞ்சம் தேய்த்து, கழுவி, குண்டு தள்ளி, அளந்து, மறுபடி கொஞ்சம். தேய்த்ததைத் திரும்ப வைக்க முடியாது. பல துப்பாக்கி வைத்திருப்பவர்கள் என்ஓஈ நிறுவனம் விற்கும் புஷ்ஷிங் வகையைப் பார்க்கலாம். ஒரே உடலில் புஷ்ஷிங்கை மட்டும் மாற்றி, தௌ தௌவாக அளவை மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று தௌவுக்கு மேல் ஒரே தள்ளில் இறுக்க வேண்டாம். மசகுப் பள்ளங்கள் நெருங்கி மூடிக்கொள்ளும், குண்டு ஒருபக்கம் சாயும், அடியின் விளிம்பு பிசிறடிக்கும். குண்டின் அடிதான் அதன் சுக்கான். அது பழுதானால் குறி போய்விடும். அச்சிலிருந்து ஐந்து தௌ பெரிதாக விழுகிறதென்றால் இரண்டு டையில் படிப்படியாக இறக்குங்கள், அல்லது வேறு அச்சு பாருங்கள்.

ஈயக் கலவையை அழுத்தினால் அது இரும்பைப் போலக் கெட்டிப்படாது; இளகும். ஆகவே தண்ணீரில் விழவைத்துக் கெட்டியாக்கிய குண்டை வாரக்கணக்கில் வைத்திருந்து பிறகு டையில் தள்ளினால், நீங்கள் பாடுபட்டு ஏற்றிய கெட்டித்தன்மை அதன் மேற்தோலில் குறைந்துபோகும். அளவு செய்வதை அன்றோ மறுநாளோ முடித்துவிடுங்கள். அடுப்பில் சூடேற்றிக் கெட்டியாக்குபவர்கள் அதற்கு முன்பே அளவு செய்துவிட வேண்டும்.

மசகும் அளவும் ஒரே இழுப்பில்: லூப்ரிசைஸர்

மேசையில் போல்ட் போட்டு நிறுத்தும் வார்ப்பிரும்பு இயந்திரம் இது. குண்டை டையின் மேல் வைத்துக் கைப்பிடியை இழுத்தால் மேலிருந்து ஒரு பஞ்ச் அதை டைக்குள் இறக்கும். டையின் பக்கத் துளைகள் வழியே மசகு பீறிட்டுக் குண்டின் பள்ளத்தை நிரப்பும். கைப்பிடியை உயர்த்தினால் கீழேயுள்ள கம்பி குண்டை மேலே தள்ளித் தரும். லைமனின் 4500, ஆர்சிபிஎஸ்ஸின் லூப்-ஏ-மேட்டிக், ரெடிங் நிறுவனத்தின் சேகோ ஆகியவை இந்த வகை. லைமன் இந்தத் துறையில் மிகப் பழைய பெயர். 1884இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனத்தை அது 1925இல் வாங்கியது. ஐடியல் பெயரில் வந்த பழைய கருவிகள் இன்னும் பழைய பொருள் சந்தைகளில் கிடைக்கின்றன. லைமன் டைகளும் ஆர்சிபிஎஸ் டைகளும் ஒன்றின் இயந்திரத்தில் மற்றொன்று பொருந்தும். மேல் பஞ்சுகளும் அப்படியே. சேகோவுக்கு அதன் டைகள்தான். பழையது வாங்குகிறவர்க்கு இது பெரிய விஷயம். பொருந்தும் டைகள் எளிதில் கிடைக்கும் இயந்திரமாகப் பார்த்து வாங்குங்கள்.

இந்த இயந்திரத்தில் புதியவரை வாட்டுவது மேல் பஞ்ச். அதன் குழி குண்டின் மூக்கோடு அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மூக்கில் வட்டத் தழும்பு விழும். அதைவிட மோசம், குண்டு சாய்ந்து டைக்குள் இறங்கும். ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு பஞ்ச் எண் உண்டு. அந்த எண் கிடைக்காதபோது செய்யத்தக்க வழி இது: கொஞ்சம் பெரிய குழியுள்ள பஞ்சில் எபாக்ஸி நிரப்பி, மெழுகு தடவிய குண்டின் மூக்கை அதில் அழுத்தி, நேராக நிறுத்தி இறுகவிடுங்கள். தட்டை மூக்குக் குண்டுகளுக்குத் தட்டைப் பஞ்சே போதும்.

ஆழத் திருகையும் சரிசெய்ய வேண்டும். குண்டு டையில் இறங்கி நிற்கும் இடத்தில் அதன் மசகுப் பள்ளம் டையின் துளைகளுக்கு நேராக வர வேண்டும். மேலே நின்றால் பள்ளம் பாதி நிரம்பும். அதிகம் இறங்கினால் மசகு மூக்கின் மேல் ஏறிவிடும். அடியில் மசகு தடித்து ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் ராட்செட் திருகை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பீர்கள். அடி விளிம்பு சரிவாக வெட்டிய குண்டுகளில் இந்தத் தொல்லை தீரவே தீராது. ஒவ்வொன்றையும் துணியில் தேய்க்க நேரும். அந்த அச்சை நான் வாங்க மாட்டேன்.

ரைபிளுக்கு வார்ப்பவர்களுக்கு லூப்ரிசைஸர் இன்னொரு வேலையும் செய்யும். வேகமாகப் போகும் குண்டுகளின் அடியில் கேஸ் செக் எனப்படும் சிறு செம்புக் கிண்ணம் பொருத்துவார்கள். வாயு அடியை அரிக்காமல் அது காக்கும். டைக்குள் இறங்கும்போதே கிண்ணத்தின் விளிம்பு குண்டின் அடியில் இறுகிவிடும். தள்ளுவகை டையிலும் இது நடக்கும். ஆனால் இறுக்கம், மசகு, அளவு மூன்றும் ஒரே இழுப்பில் முடிவது இங்கேதான். .30-30க்கும் .308க்கும் வார்ப்பவர்கள் லூப்ரிசைஸரை விடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

ஸ்டார் என்னும் இயந்திரம் வேறு வழியில் வேலை செய்கிறது. பின்னாளில் அதை அரிசோனாவின் மேக்மா எஞ்சினியரிங் தயாரித்தது. இதில் குண்டு மூக்கு கீழாக இறங்கி, டையைக் கடந்து அடிவழியே வெளியேறும். அடுத்த குண்டே முந்தியதைத் தள்ளுகிறது. குண்டை மறுபடி மேலே தள்ளி எடுக்க வேண்டாம், மூக்குக்கேற்ற பஞ்சும் வேண்டாம். டையில் பல வரிசைத் துளைகள் இருக்கும். உங்கள் குண்டின் பள்ளத்துக்கு நேராக வராத துளைகளைச் சிறு ஈயச் சன்னத்தால் அடைத்துவிடலாம். வேகத்தில் மற்றவை இதன் பக்கத்தில் வராது. விலையும் அப்படித்தான். வாரம் இருநூறு குண்டு வேண்டும் என்பவருக்கு இது தேவையில்லை. போட்டிகளில் சுடுபவர், மாதம் சில ஆயிரம் வார்ப்பவர் வாங்கினால் நிச்சயம் பயன்பெறுவார்.

எந்த மசகு

லூப்ரிசைஸரில் இடும் மசகு குச்சி வடிவில், நடுவே துளையோடு விற்கும். பொதுப் பயன்பாட்டுக்கு இன்றும் நல்லது ஆலாக்ஸ் என்னும் மசகுப் பொருளும் தேன்மெழுகும் சரிபாதி கலந்தது. நேஷனல் ரைபிள் அசோசியேஷனின் பெயரில் வழங்கும் கலவை அது. அறை வெப்பத்திலேயே ஓடும், கைத்துப்பாக்கி முதல் மிதமான ரைபிள் வேகம் வரை தாங்கும். கார்னாபா மெழுகு கலந்த கடின மசகுகள் விரலில் ஒட்டாது, பெட்டியில் தூசி பிடிக்காது. ஆனால் அவற்றுக்குச் சூடு வேண்டும். லைமன் 4500க்குள் செருகும் சூட்டுக்கம்பி கிடைக்கிறது. இயந்திரத்தின் அடியில் வைக்கும் சூட்டுத்தட்டும் உண்டு. மசகு மெல்ல இளகும் சூடு போதும். அதற்கு மேல் போனால் டையின் எல்லா இடுக்கிலும் ஒழுகும்.

கருமருந்து சுடுபவர்கள் கவனிக்க வேண்டும்: பெட்ரோலிய மசகு கருமருந்தோடு சேர்ந்தால் தார் போன்ற கசடாகிவிடும். அவர்களுக்குத் தேன்மெழுகோடு விலங்குக் கொழுப்போ தாவர எண்ணெயோ கலந்ததுதான். எஸ்பிஜி என்ற பெயரில் ஆயத்தமாகவும் கிடைக்கும். இந்தக் கொழுப்பு எரிந்த மருந்தின் கசடை மென்மையாக வைத்து, அடுத்த குண்டை உள்ளே இறங்கவிடுகிறது. 1857இல் இந்தியச் சிப்பாய்கள் கடிக்க மறுத்த என்ஃபீல்டு தோட்டாவின் காகிதத்தில் பூசியிருந்த கொழுப்புக்கும் இதே வேலைதான். பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் அதில் இருப்பதாக டம்டம் முகாமில் எழுந்த பேச்சு, அந்த ஆண்டு மே 10 அன்று மீரட்டில் கிளர்ச்சியாக வெடித்தது. குண்டுக்கு எதைப் பூசுவது என்ற கேள்வி ஒரு பேரரசையே உலுக்கியிருக்கிறது. பள்ளியில் படித்த அந்த வரலாற்றின் தொழில்நுட்பப் பாதி எனக்கு முதல்முறை கருமருந்து சுட்ட அன்றுதான் புரிந்தது.

இயந்திரம் இல்லாமலும் மசகு இடலாம். பழைய முறை ஒன்று: குண்டுகளைத் தட்டையான தட்டில் நெருக்கமின்றி நிறுத்தி, உருக்கிய மசகைப் பள்ளங்கள் மூழ்கும் உயரம் வரை ஊற்றி, ஆறவிட்டு, கட்டியிலிருந்து குண்டுகளை வெட்டி எடுப்பது. அடி வெட்டிய பெரிய பித்தளைக் கூடு ஒன்றே வெட்டுகுழாயாகப் பயன்படும். நேரம் பிடிக்கும். ஆனால் மாதம் நூறு குண்டு சுடும் கருமருந்துக்காரருக்கு இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது, பலனும் இயந்திரத்துக்குக் குறைந்ததல்ல.

இன்னொன்று லீயின் திரவ ஆலாக்ஸ். குண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, சில துளிகள் விட்டு, உருட்டி, மெழுகுத்தாளில் பரப்பி ஓரிரவு காயவிட வேண்டும். இதற்கென்றே பல சிறு பள்ளங்களோடு லீ அச்சுகள் விற்கிறது; .38க்கான டிஎல்358-158 அவற்றில் ஒன்று. புதியவர் இங்கே செய்யும் தவறு, அதிகம் ஊற்றுவது. குண்டு மஞ்சளாகத் தெரிந்தால் அளவு மீறிவிட்டது. லேசான பொன்னிற மினுக்கம் போதும். அதிகமானால் ஒட்டும், புகையும், குண்டு அமர்த்தும் டைக்குள் கசடு சேர்ந்து ஒவ்வொரு குண்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்தில் இறங்க ஆரம்பிக்கும். ஆழம் மாறினால் அழுத்தம் ஏறும். ஆகவே நூறு தோட்டாவுக்கு ஒருமுறை டையைத் திறந்து துடையுங்கள்.

மசகே வேண்டாம் என்பவர்களுக்கு: பவுடர் கோட்டிங்

இப்போது கைத்துப்பாக்கிக்கு வார்ப்பவர்களில் பலர் மசகைக் கைவிட்டு, இரும்பு வேலிக்கும் சைக்கிள் சட்டத்துக்கும் அடிக்கும் அதே பவுடர் பூச்சுக்கு மாறிவிட்டார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் குண்டும் பவுடரும் கருப்பு பிளாஸ்டிக் ஏர்சாஃப்ட் மணிகளும் போட்டுக் குலுக்கினால், உராய்வின் நிலைமின்சாரத்தில் பவுடர் குண்டில் ஒட்டிக்கொள்ளும். தட்டில் பரப்பி, சுமார் 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் டோஸ்டர் அவனில் சுட்டால் குண்டைச் சுற்றி வழவழப்பான உறை. இதே நோக்கத்துக்கு ஆஸ்திரேலியாவில் உருவான ஹைடெக் என்ற பூச்சும் இருக்கிறது. கரைத்து மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே சுட வேண்டும்.

புகை குறைவு, கையில் பிசுக்கில்லை, டையில் கசடில்லை, தொடும்போது ஈயம் விரலில் ஒட்டுவதும் குறைவு. இவை எல்லாம் உண்மையான நன்மைகள். பூச்சு ஒன்றிரண்டு தௌ தடிப்பைக் கூட்டும் என்பதால் பூசிய பிறகே அளவு செய்யுங்கள். இதற்குத் தள்ளுவகை டைதான் சரியான கருவி. பூச்சு சரியாக வெந்ததா என்று பார்க்க ஒரு குண்டைச் சம்மட்டியால் தட்டையாக்குங்கள். உறை உரிந்து வந்தால் வேகவில்லை. டோஸ்டர் அவனின் சூடு பழைய கெட்டித்தன்மையை எடுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கெட்டியான குண்டு வேண்டுமென்றால் அவனிலிருந்து எடுத்ததும் தண்ணீரில் போடலாம்.

அந்த அவனில் இனி எந்நாளும் உணவு வைக்கக் கூடாது. சமையலறையில் அதற்கு இடமே இல்லை. கராஜின் வாசலில் அல்லது வெளித் திண்ணையில் வைத்துச் சுடுங்கள்; பவுடர் குலுக்கும்போது முகமூடி அணியுங்கள்.

இன்னும் ஒன்று: கூடு குண்டை இளைக்க வைக்கும்

சரியான டையில் 0.358க்குக் கொண்டுவந்த குண்டு, கூட்டுக்குள் இறங்கியதும் 0.356 ஆகிவிடக்கூடும். 9 மில்லிமீட்டரில் இது அடிக்கடி நடக்கும். கூட்டின் சுவர் அடியை நோக்கித் தடித்துக்கொண்டே போவதால் மென்மையான குண்டைப் பிடித்து நசுக்கிவிடும். சில கிரிம்ப் டைகளின் கார்பைடு வளையமும் இதையே செய்யும். மருந்தும் பிரைமரும் இல்லாத கூட்டில் குண்டை ஏற்றிப் பார்த்து, உதறுசுத்தியால் வெளியே எடுத்து மறுபடி அளங்கள். இளைத்திருந்தால் கூட்டின் வாயை விரிக்கும் பிளக்கைப் பெரியதாகவும் நீளமானதாகவும் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் டையைக் குறைசொல்பவர்கள் நிறைய.

எனது பரிந்துரை

ஒன்றிரண்டு கைத்துப்பாக்கி, ஏற்கெனவே பிரஸ் இருக்கிறது, வாரம் நூறிலிருந்து இருநூறு குண்டு: தள்ளுவகை டையும் பவுடர் பூச்சும். லூப்ரிசைஸர் வாங்கும் பணத்தில் நல்ல மைக்ரோமீட்டர் வாங்குங்கள். வேட்டை ரைபிளுக்குக் கேஸ் செக் போட்டு வார்ப்பவர், பழைய லீவர் ரைபிள் பிரியர்: லைமன் அல்லது ஆர்சிபிஎஸ் லூப்ரிசைஸர், பழையதே போதும். அதன் டைக்குள் துருவோ கோடுகளோ இல்லையென்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கருமருந்து: தட்டும் தேன்மெழுகும். மாதம் ஆயிரக்கணக்கில் சுடுபவர்: ஸ்டார். திரவ ஆலாக்ஸை முதல் மாதம் பழகிப் பார்ப்பதற்கு வாங்கலாம். அதற்கு மேல் அதில் நிற்க வேண்டியதில்லை.

எந்தக் கருவியானாலும் ஈயம் ஈயம்தான். வேலை நடக்கும் மேசையில் காபி வேண்டாம். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் வேலைச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். வருடம் ஒருமுறை இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கருவியை வாங்கியதும் ஐம்பது குண்டு சுட்டுவிட்டு, துப்பாக்கியைக் காலி செய்து, குழலைத் துடைக்காமல் வெளிச்சத்தில் பாருங்கள். அறைக்கு அருகே ஈயம் படிந்திருந்தால் குண்டு சிறியது, டையை மாற்றுங்கள். வாய்ப்பக்கம் மட்டும் படிந்திருந்தால் மசகு பாதி வழியில் தீர்ந்திருக்கிறது, மசகை மாற்றுங்கள். எங்குமே படியவில்லையென்றால் எதையும் மாற்றாதீர்கள். டையின் எண்ணையும் கலவையின் விகிதத்தையும் மருந்தின் அளவையும் அன்றே நோட்டில் எழுதி வையுங்கள்.